இரண்டாம் சரணத்தில் ஒரு நடுக்கம்

தன் மாமியாரைச் சம்மதிக்க வைக்கச் சங்கவிக்கு ஒரு கிலோ மொச்சைக்காய் தேவைப்பட்டது. சும்மா உட்கார வைத்துப் பேசினால் தமயந்தி எழுந்து போய்விடுவார். கையில் வேலை இருந்தால் காது கொடுப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசை மேல் முறத்தை வைத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்ததும் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, இந்தப் பொங்கலோட பாட்டுக்கு நாற்பது வருஷம்."

"எந்தப் பாட்டுக்கு?" என்றார் தமயந்தி, தெரிந்துகொண்டே.

அவர் பாடியதில் ஊருக்குத் தெரிந்தது ஒரே பாட்டுதான். 'கொலுசுக்குத் தெரியும்.' நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் நாளில் வானொலியில் முதல்முறை ஒலித்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு இல்லாத கல்யாண வரவேற்பு இல்லை. காதலன் வீட்டு வாசலில் நிற்கும் பெண், "போகட்டுமா?" என்று கேட்கிற இடம் இரண்டாம் சரணத்தில் வரும். அந்தச் சொல்லில் தமயந்தியின் குரல் லேசாக நடுங்கி, ஒரு நொடி உடைந்து, பிறகு சேரும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் எத்தனையோ பெண்களை நடுவர்கள் அந்த ஓர் இடத்துக்காகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "எல்லாம் சரிம்மா, அந்த நாணம் வரல." இசையமைத்த தணிகாசலம் மாஸ்டரும் இறக்கும் வரை ஒவ்வொரு பேட்டியிலும் சொன்னார், "அந்த நடுக்கம் நான் போட்ட மெட்டு இல்லீங்க. அது அந்தப் பொண்ணோட நாணம்."

"எங்க சேனல்ல ஒரு மணி நேர நிகழ்ச்சி அத்தை. நேரலை. நான்தான் தயாரிக்கறேன். இது நல்லா வந்தா நிகழ்ச்சிப் பிரிவையே எங்கிட்ட தர்றதா ஃபெலிக்ஸ் சார் சொல்லியிருக்கார்."

"நான் வந்து என்ன பண்ணணும்? இப்போ பாடினா ஊரே எழுந்து ஓடிடும்."

"பாட வேண்டாம். உட்கார்ந்திருந்தா போதும். பழைய பாட்டை மெய்த்தடத்தோட போடப் போறோம்."

"கிரிக்கெட்ல போட்டாங்களே, அதுவா?"

"அதேதான். கடைசி ஓவர் போட்ட பையனுக்கு வயிறு கலங்கினது ஊருக்கே கலங்குச்சே. அவன் உடம்புல கருவி கட்டியிருந்தாங்க. இப்போ அதுகூட வேண்டாம், குரல் இருந்தா போதும். நாடித்துடிப்பு, மூச்சு, தொண்டை இறுக்கம் எல்லாம் பொடிப்பொடியா குரலுக்குள்ள கிடக்கும். நம்ம காதுக்குத் தெரியாது. மெஷின் அதைப் பிரிச்சு எடுத்துடும். கேக்கறவங்க கழுத்துல ஒரு பட்டை மாட்டிக்கிட்டா, பாடும்போது உங்க உடம்பு எப்படி இருந்துச்சோ அப்படியே அவங்களுக்கும் இருக்கும்."

தமயந்தியின் கை நின்றது.

"எதனாலன்னு சொல்லுமா?"

"என்னது?"

"உடம்பு எதனால அப்படி ஆச்சுன்னு அந்த மெஷின் சொல்லுமா?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியாது அத்தை. உடம்பை மட்டும்தான் காட்டும்."

தமயந்தி அடுத்த காயை எடுத்து நுனியைக் கிள்ளினார். "உனக்காக வர்றேன்," என்றார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒலிக்கூடத்தில் சங்கவி பட்டையை மாட்டிக்கொண்டு பாட்டை ஓட விட்டாள். முதல் சரணத்தில் வெறும் களைப்பு. காலில் வலி, வெகுநேரம் நின்றவளின் வலி. இரண்டாம் சரணம் வந்ததும் முகம் பற்றி எரிந்தது. தோள்கள் தாமாக முன்னே குவிந்தன. நெஞ்சில் கனமாக ஒரு வலி. தரை பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்று இருந்தது.

அது நாணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில், பின்பக்கம் கறை பட்ட வெள்ளைச் சீருடையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்ற நாளில் சங்கவிக்கு இருந்தது இதுதான். அவமானம்.

ஃபெலிக்ஸும் போட்டுப் பார்த்தார். கழற்றும்போது அவர் கண்கள் மின்னின.

"காதலை எல்லாரும் பார்த்தாச்சு சங்கவி. இது புதுசு. அப்படியே போடு."

"அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன் சார்."

"சொன்னா வேணாம்பாங்க. தெரியாம வந்து உட்கார்ந்தாத்தான் முகம் நல்லா இருக்கும்."

அன்று மாலை வீட்டில் தமயந்தி இரண்டு புடவைகளைக் கட்டிலில் விரித்து, "எது கட்டட்டும்?" என்று கேட்டார். சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். சங்கவி, "நீலம் நல்லா இருக்கும் அத்தை," என்றாள்.

நேரலையில் பாட்டு முடிந்ததும் அரங்கில் யாரும் கை தட்டவில்லை. கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலை குனிந்திருந்தார்கள். தொகுப்பாளினி கண்களைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, எங்க எல்லாருக்கும் உடம்பு கூசிப் போச்சு. அன்னிக்கு ரெக்கார்டிங்ல என்னம்மா நடந்துச்சு? யாராவது உங்களை ஏதாவது..."

தமயந்தி அவளைப் பார்க்கவில்லை. விளக்குகளைத் தாண்டி, இருட்டில் சங்கவி நின்ற இடத்தைத் தேடிப் பார்த்தார். "ஒண்ணும் நடக்கல," என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? காரணத்தை மெஷின் சொல்லவில்லை என்பதால் ஆளாளுக்குச் சொன்னார்கள். கூட்டிக்கழித்துப் பார்த்து எல்லாரும் ஒரே ஆளிடம் வந்து நின்றார்கள். இசைக்கூடத்தில் அதிகாரம் இருந்தவர் யார்? ஒவ்வொரு பேட்டியிலும் 'அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணு' என்று உருகியவர் யார்? தணிகாசலம் மாஸ்டர் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் அவர் பாடல்களைப் போட்ட பண்பலை வானொலி, அந்த ஒரு மணி நேரத்தை ஓசையில்லாமல் எடுத்துவிட்டது. அவர் வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயரை வைக்கும் விழா தள்ளிப் போனது. அந்தத் தெருச் சுவரில் வரைந்திருந்த அவர் படத்தில் யாரோ தார் பூசினார்கள்.

சங்கவிக்கும் அந்தச் சந்தேகம்தான். அடுக்களையில் மாமியாரின் பின்னால் போய் நின்று கேட்டாள்.

"மாஸ்டரா அத்தை?"

"சீ. அவர் என்னை வாம்மா போம்மான்னுதான் கூப்பிடுவார். அவரைப் போய்."

"அப்போ யாரு?"

"யாரும் இல்லைன்னு சொல்றேன்ல."

"யாரும் இல்லாம அப்படி வருமா? நானே மாட்டிப் பார்த்தேன் அத்தை."

தமயந்தி அடுப்பை அணைத்தார். "எப்போ மாட்டிப் பார்த்தே?"

சங்கவி கழுவாத பாத்திரத்தை எடுக்கக் குனிந்தாள். "ஓ," என்றார் தமயந்தி. அதோடு சரி. அதன் பிறகு மருமகளிடம் உப்புப் புளிக்கு வேண்டிய அளவுதான் பேசினார்.

மாஸ்டர் மீது எந்தத் தவறும் இல்லை என்று தமயந்தி நாலு வரியில் ஓர் அறிக்கை விட்டார். அது இன்னும் கெடுத்தது. 'பாவம், இந்த வயதிலும் பயப்படுகிறார்' என்று எழுதினார்கள். உடம்பு பொய் சொல்லாது, வாய் சொல்லும். ஊர் தன் கழுத்தில் உணர்ந்ததைத்தான் நம்பியது.

சந்தைக்கடை போல் எந்நேரமும் சத்தமாக இருக்கும் அந்த வீட்டில் எல்லாரும் மெல்லப் பேசினார்கள். சங்கவியின் கணவன் அருள்மொழி மின்வாரியத்தில் பொறியாளன், வாய் ஓயாதவன். அவனே அம்மாவின் அறையைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். "நீயாவது கேளேன்," என்றாள் சங்கவி. "எதைக் கேக்கச் சொல்றே? எங்கம்மாவை எவன் என்ன பண்ணான்னா? என்னால முடியாது," என்றான்.

ஒரு சனிக்கிழமை மாலை தணிகாசலம் மாஸ்டரின் மகள் குமுதா வந்தார். சாலிகிராமத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்துபவர். சண்டை போட வந்திருப்பார் என்று அருள்மொழி வாசலிலேயே நின்றான். அவரோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அக்கா, நான் நியாயம் கேக்க வரல. கிளாஸ்ல இப்போ ரெண்டு பிள்ளைங்கதான். அது கிடக்கட்டும். நானும் அந்தப் பட்டையை மாட்டிப் பார்த்தேன். பார்த்ததிலேருந்து அப்பா படத்துக்கு விளக்கு ஏத்த முடியல." டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பு பண்ணியிருந்தா சொல்லிடுங்க. படத்தை இறக்கி உள்ள வச்சிடறேன். உங்க கால்ல விழறேன். பண்ணலன்னா அதைச் சொல்லுங்க. பெத்த அப்பாவை நடு ஹால்ல வச்சுக்கிட்டு, இவர் எப்படிப்பட்டவரோன்னு தினமும் பாக்கறேனே, அதுதான் அக்கா தாங்கல."

தமயந்தி எழுந்து போகப் போகிறார் என்றுதான் சங்கவி நினைத்தாள். அவர் எழுந்தார். சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அப்படியே பேசினார்.

"அப்போ அருளுக்கு மூணு மாசம். பெரிய பாடகி வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போயிட்டாங்க. அவங்க வந்து பாடற வரைக்கும் ஷூட்டிங்குக்கு ஒரு குரல் வேணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. ரெண்டு மணி நேர வேலைன்னாங்க. பெரம்பூர்ல பக்கத்து வீட்டு அக்காகிட்ட பிள்ளையை விட்டுட்டு வந்தேன். ஆண் குரல் பாடறவர் மத்தியானத்துக்கு மேலதான் வந்தார். அப்புறம் புல்லாங்குழல்ல ஒரு இடம் சரியா வரல. அப்புறம் மைக் மக்கர். நேரம் போயிட்டே இருக்கு. எனக்கு..."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பால் கட்டிக்கிச்சு குமுதா. நெஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு. வெளிர் மஞ்சள் புடவை. உள்ள வச்சிருந்த துணி நனைஞ்சு, ரவிக்கை நனைஞ்சு, மேல வரைக்கும் வந்துடுச்சு. அந்த ஹால்ல நான் ஒருத்திதான் பொம்பளை. பாட்டு எழுதின தாளை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து உங்கப்பா, 'தாள் சத்தம் மைக்ல விழுதும்மா, கீழ வச்சிடு'ன்னார். நல்லவிதமாத்தான் சொன்னார். அங்கேருந்து அவருக்கு ஒண்ணும் தெரியாது. வச்சிட்டேன்."

"அத்தை," என்றாள் சங்கவி.

"இரு, சொல்லிடறேன். வச்சதும் வயலின் வரிசையில ரெண்டு பேர் பார்த்துட்டாங்க. ஒருத்தரை ஒருத்தர் முழங்கையால இடிச்சுக்கிட்டாங்க. அப்போதான் ரெண்டாம் சரணம் வருது. போகட்டுமான்னு பாடறேன். நிஜமா போகட்டுமான்னு கேக்க வாய் வரல."

குமுதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"டேக் முடிஞ்சதும் உங்கப்பா கண்ணாடி ரூம்லேருந்தே மைக்ல சொன்னார், 'இந்த நாணம் இனி யார் பாடினாலும் வராது, இந்தக் குரலே இருக்கட்டும்'னு. தயாரிப்பாளர்கிட்ட சண்டை போட்டு எனக்கு அந்தப் பாட்டை வாங்கிக் கொடுத்தார். என் வாழ்க்கையில கிடைச்ச ஒரே பாட்டு. அது நாணம் இல்லீங்கன்னு அவர்கிட்ட எப்படிப் போய்ச் சொல்வேன்?"

"நீங்க சொல்லியிருந்தா அப்பா அன்னிக்கே அந்த ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பார் அக்கா."

"அனுப்பியிருப்பார். எதுக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

தமயந்தி அப்போதுதான் திரும்பினார். மகனைப் பார்க்காமல் மகனிடம் சொன்னார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து உன்னை எடுத்தேன். அழுது அழுது தொண்டை கட்டியிருந்துச்சு உனக்கு. வாய் வச்சே. எனக்கு அந்த ரெண்டு பேர் மூஞ்சிதான் தெரிஞ்சுது. பிரிச்சு எடுத்துட்டேன். அப்புறம் கொடுக்கவே இல்லை. பால் வத்திடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். வத்தல."

அருள்மொழி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையெல்லாம் லேசாக நரைத்த நாற்பது வயது ஆண். "பவுடர் பால் குடிச்சா இந்த உயரம் வளர்ந்தேன்?" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "காபி போடறேன்," என்று உள்ளே போனான். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் நெடுநேரம் கேட்டது.

குமுதா கிளம்பும்போது தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது வெளிய போக வேண்டாம் அக்கா. எனக்குத் தெரிஞ்சா போதும். ஊர் என்ன வேணா பேசிட்டுப் போகட்டும்."

அவர் போனதும் தமயந்தி, அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு முதல்முறையாக, மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சங்கவி, உங்க ஆபீஸ்ல சொல்லு. நான் வந்து பேசறேன். அந்தப் பட்டையை மாட்டிக்கிட்டே எல்லாரும் கேக்கட்டும், இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

"அத்தை, ஊர் முழுக்க..."

"தெரியும். அவ அப்பாவை எனக்காகத் தார் பூச விட்டுட்டுப் போறா பாரு. அதுக்கு இது பரவாயில்ல."

இந்த முறை நேரலை வேண்டாம், பதிவு செய்தே ஒளிபரப்பலாம் என்றாள் சங்கவி. அந்த அளவுக்காவது தன்னால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். தமயந்தி விளக்குகளின் நடுவே உட்கார்ந்து, வீட்டில் சொன்னதையே சொன்னார். பால் என்று வந்த இடத்தில் தயங்கவில்லை. பிள்ளையைப் பிரித்தெடுத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்தது. முடிந்ததும் எழுந்து, விளக்குக்காரரிடம், "தம்பி, வெளிச்சம் ரொம்ப சூடுப்பா," என்று சொல்லிவிட்டு ஒப்பனை அறைக்குப் போனார்.

ஒலிக்கூடத்தில் ஃபெலிக்ஸ் பட்டையைக் கழற்றி மேசை மேல் போட்டார்.

"ஒண்ணுமே இல்லையே சங்கவி."

சங்கவி மாட்டிப் பார்த்தாள். உண்மைதான். சீரான நாடி. ஆழ்ந்த மூச்சு. தளர்ந்த தோள்கள். கோயில் குளத்தில் கால் நனைத்து உட்கார்ந்தவளின் உடம்பு மாதிரி இருந்தது. ஒரே ஓர் இடத்தில் தொண்டை அடைத்தது, பிறகு திறந்துகொண்டது. அவமானம் எங்கேயும் இல்லை. ஒரு மனுஷிக்கு அதை ஒரே தடவைதான் சொல்ல வேண்டியிருந்தது போலும். அந்தச் சனிக்கிழமை, சுவரைப் பார்த்துக்கொண்டு, அதைச் சொல்லித் தீர்த்துவிட்டார்.

"இது நல்லதுதானே சார்."

"அவங்களுக்கு நல்லது. பாக்கறவன் என்ன சொல்வான்? பாட்டுல உடம்பு எரிஞ்சுது, இப்போ கதை சொல்றப்போ ஜில்லுன்னு இருக்கு, அப்போ இந்தக் கதை பொய். மாஸ்டர் வீட்டுல காசு வாங்கிட்டாங்கன்னு சொல்வான்." நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். "பாட்டுல இருக்கறதும் இதே அம்மாவோட உடம்புதானே? அதை எடுத்து இதுக்கு அடியில வை. எதுவும் பொய் இல்லையே. அன்னிக்கு அப்படித்தானே இருந்துச்சு."

சங்கவி குமுதாவின் வகுப்பை நினைத்தாள். தார் பூசிய சுவரை நினைத்தாள். நிஜத்தை நிஜம் என்று நம்ப வைக்க வேறு வழி தெரியவில்லை. அதோடு, நிகழ்ச்சிப் பிரிவும் அவள் நினைவில் வராமல் இல்லை. ஒலிப்பிரிவுப் பெண்ணை டீ குடிக்க அனுப்பிவிட்டு, இரண்டாம் சரணத்தின் மெய்த்தடத்தைத் தன் கையாலேயே வெட்டி எடுத்து, மாமியாரின் அமைதியான குரலுக்கு அடியில் விரித்தாள். எங்கும் ஒட்டுத் தெரியவில்லை. ஒரே உடம்பு அல்லவா.

ஊர் நம்பியது. கழுத்தில் எரிச்சலோடு, குவிந்த தோள்களோடு, மூச்சு முட்டிக் கேட்டு, அழுது, நம்பியது. மறுநாள் தார் பூசிய சுவருக்கு யாரோ வெள்ளையடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பண்பலையில் அறிவிப்பாளர் குரல் தழுதழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தணிகாசலம் மாஸ்டரின் பாடல்களை மறுபடி ஒலிக்க விட்டார். குமுதா போனில் சொன்னார், "பிள்ளைங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு அம்மா வந்து என் கையைப் பிடிச்சு அழறாங்க, என்ன சொல்றதுன்னே தெரியல." ஃபெலிக்ஸ் சங்கவிக்குப் புது அறையைக் காட்டினார்.

வீட்டுக்கும் பெண்கள் வந்தார்கள். அடுக்ககத்துப் பெண்கள், முன்பின் தெரியாதவர்கள், கையில் பழத்தோடு. எல்லாரும் தமயந்தியைக் கட்டிக்கொண்டு ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "அந்தக் கூச்சத்தை எங்களால தாங்க முடியலம்மா. அதைச் சுமந்துக்கிட்டு எப்படித்தான் வாயைத் திறந்து பேசினீங்களோ."

கடைசியாக வந்த பெண்ணையும் வழியனுப்பிவிட்டுத் தமயந்தி உள்ளே வந்தார். மேசையில் பழங்கள் குவிந்திருந்தன. ஒரு கொய்யாவை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு புரியலடி. எனக்குக் கூச்சமே இல்லையே. பேசறப்போ அப்படி ஒரு நிம்மதியா இருந்துச்சு. இருந்து இருந்து அன்னிக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவங்க ஏன் எல்லாரும் கூசுச்சு கூசுச்சுங்கறாங்க?"

"அவங்க அவங்க மனசு அத்தை," என்றாள் சங்கவி.

"இருக்கும்." தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில், பல வாரங்களாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. "உன் பையில அந்தப் பட்டை இருக்கும்ல? எடுத்துட்டு வா. நான் அதை இதுவரைக்கும் மாட்டினதே இல்ல. ஊரெல்லாம் பார்த்தாச்சு, அன்னிக்குப் பேசினதைப் போட்டு எனக்கும் ஒரு தடவை காட்டு. கூச்சம் இல்லாம நான் எப்படி இருந்தேன்னு பாக்கணும்."

சங்கவி பையைத் திறந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பட்டையைக் கையில் எடுத்தாள்.

தமயந்தி ஒரு கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துக் காட்டியபடி காத்திருந்தார். சங்கவியின் முகம் சுட்டது. பட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.